ஈரத் தலையால் சளி பிடிக்காது

ஈரத் தலையோடு வெளியே போனால் சளி பிடிக்கும் என்று தமிழ்நாட்டில் ஏழு கோடிப் பேர் நம்புகிறார்கள். ஏழு கோடிப் பேரும் தவறு. இதை நான் முழுப் பொறுப்போடு சொல்கிறேன். சளி தலையிலிருந்து இறங்குவது இல்லை. மழையிலிருந்து வருவது இல்லை. தயிரிலிருந்தோ, கொய்யாப்பழத்திலிருந்தோ, ராத்திரி முழுக்கச் சுற்றும் மின்விசிறியிலிருந்தோ வருவது இல்லை. சளி இன்னொரு மனிதனிடமிருந்து வருகிறது. அவன் இருமும்போது, தும்மும்போது, பாடும்போது, ஏன், கிட்டத்தில் நின்று அன்போடு நலம் விசாரிக்கும்போதுகூட அவன் மூச்சோடு நுண்துளிகள் புறப்படுகின்றன. மூடிய அறையில் பீடிப் புகை தங்குவதுபோல் காற்றில் தங்குகின்றன. அதற்குள் வைரஸ் இருக்கிறது. அதை நீங்கள் மூச்சோடு உள்ளே இழுக்கிறீர்கள். கதை முடிந்தது. இதில் தலைமுடிக்கு எந்தப் பங்கும் இல்லை. மொட்டைத் தலைக்காரருக்கும் சளி பிடிக்கிறது.

"மொட்டைக்குத்தான் சீக்கிரம் புடிக்கும். முடியே இல்லாங்காட்டி தண்ணி நேரா உள்ள எறங்கிடும்ல?" என்பாள் என் மனைவி.

இப்படிப்பட்ட ஒருத்தியோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

அவள் பெயர் சிலுவையம்மாள். 'அவரவர் தம் சிலுவையைச் சுமக்க வேண்டும்' என்று மறையுரையில் வரும்போதெல்லாம் அடுத்த பெஞ்சிலிருந்து என் மைத்துனன் பிராங்கிளின் திரும்பி என்னைப் பார்ப்பான். நான் பார்க்காததுபோல் இருப்பேன். சிலுவை மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுகிறவள். விடியுமுன் படகுகள் வந்து நிற்கும்போது, அத்தனை இன்ஜின் சத்தத்துக்கும் மேலே ஒரு குரல் கேட்டால் அது அவள் குரல். நான் பாஸ்கல். துறைமுகச் சரக்குகளுக்குக் காகிதம் தயார் செய்யும் கிளியரிங் ஏஜென்சி ஒன்றில் வேலை. படிப்பது என் பழக்கம். பிறரைத் திருத்துவது என் சுபாவம். முதலாவதை அவள் மன்னித்துவிட்டாள்.

எனக்கு வரும் கோபம் எல்லாம் மூக்கைப் பற்றியது. கொரோனா காலத்தில் போலீஸ்காரர் அபராதம் போட்டார், மூக்குகள் உள்ளே போயின. அபராதம் நின்றது, மூக்குகள் வெளியே வந்தன. அன்றைக்கே புரிந்துவிட்டது, நம் மக்கள் முகக்கவசம் போட்டது வைரஸுக்காக அல்ல, போலீஸுக்காக. எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிப் புழுதிக்குக் கண் மட்டும் தெரியத் துண்டு கட்டிக்கொண்டு வண்டியில் வருகிறான் ஒருவன். டீக்கடையில் இறங்கியதும் துண்டை அவிழ்க்கிறான். எதற்கு? நாலு பேர் முகத்துக்கு நேரே இருமுவதற்கு. கண்ணுக்குத் தெரிகிற எதிரிக்குத்தான் இங்கே மரியாதை.

போன மாதம் கும்மிடிப்பூண்டி ரயிலில் நடந்ததைக் கேளுங்கள். தண்டையார்பேட்டையில் ஒருவர் ஏறினார். நீல நிற முகக்கவசம், மூக்குக்கு மேல் கம்பியெல்லாம் ஒழுங்காக அழுத்தி. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாட்டில் இன்னும் ஒருவர் இருக்கிறார்! அப்போது அவருக்குத் தும்மல் வந்தது. முகக்கவசத்தைக் கழற்றினார். என் மேல் தும்மினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏன் சார் கழட்டினீங்க?"

"தும்முனா மாஸ்க்கு நாஸ்தி ஆய்டும்ல?" என்றார், என் அறிவீனத்துக்கு இரங்கி.

என்னை நாஸ்தி செய்தது அவர் கணக்கிலேயே வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் இயேசு பிடிபட்டுச் சிலுவையில் இறக்கும் 'பாடுகள்' பகுதியை எங்கள் கோயிலில் நாடகம்போல் ஆள் ஆளாகப் பிரித்து வாசிப்போம். இயேசுவின் சொற்களைப் பங்குத்தந்தை வாசிப்பார். கையைக் கழுவிவிட்டு இயேசுவைச் சாவுக்குக் கையளிக்கும் ஆளுநர் பிலாத்துவுக்கு ஒருவர், பேதுருவுக்கு ஒருவர், கத்துகிற கூட்டத்துக்குச் சிலர். நடுவில் நின்று கதையைச் சொல்லிக்கொண்டு போகிறவர் ஒருவர் உண்டு. அவர்தான் முக்கியம். இயேசுவுக்கே அவ்வளவு வரிகள் கிடையாது. நீண்ட காலமாக அந்த ஆள் நான். கோயில் கோபுரத்தின் ஒலிபெருக்கியில் என் குரல் கல்மண்டபம் தாண்டிப் போகும். வருஷத்தில் ஒரு நாள் ராயபுரமே நான் பேசுவதைக் கேட்கிறது. மற்ற நாட்களில் என் வீட்டிலேயே யாரும் கேட்பது இல்லை.

சிலுவைக்கு அதில் ஒரே ஒரு வரி. பேதுருவை வாசலில் மடக்கி, நீயும் இயேசுவின் சீடன்தானே என்று கேட்கிற வேலைக்காரப் பெண்ணின் வரி. அதை அவள் கேட்கிற தோரணையில், பேதுரு மட்டுமல்ல, முன் பெஞ்சில் இருக்கிறவர்களும் இயேசுவைத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிடுவார்கள்.

"ஒரு வாட்டி அந்தப் பெரிய பாகத்த நான் படிக்கிறனே? எத்தினி வருசம் வாசல்லயே நிக்கிறது?" என்று ஒவ்வொரு தவக்காலத்திலும் கேட்பாள்.

"சிலுவை, அது வேதாகமம். வஞ்சிரம் இல்லை."

"வஞ்சிரம்னா கூட நாலு பேரு கவனிச்சிக் கேப்பான்."

"உன் வாயில் ழகரம் யகரம் ஆகிறது. ஒழுங்கை 'ஒயுங்கு' என்கிறாய்."

"வூட்ல அப்டிதான் பேசுவேன். கோயில்ல ஒயுங்கா பேசுவேன்."

நான் சிரித்துவிட்டு ஒத்திகையைத் தொடர்வேன். வீட்டில் நான் மனப்பாடமாகச் சொல்ல, அவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நான் விடுகிற இடத்தில் எடுத்துக் கொடுப்பாள். அது மனைவியின் கடமை என்று நினைத்திருந்தேன். அது பயிற்சி என்று தோன்றவில்லை.

இந்த வருஷம் தவக்காலம் பாதியில் ஊர் முழுக்க ஓர் இருமல் கிளம்பியது. பூசையில் 'ஆமென்' சொல்லும் இடத்தில் இருமினார்கள். எங்கள் கீழ்வீட்டில் இருக்கிற பிராங்கிளினும் இருமினான். இவன் சிலுவைக்குத் தம்பி. ஐஸ் கம்பெனியில் வேலை. பாடுகளின் வாசிப்பில் பிலாத்து இவன்தான். ஆனால் கண் என் இடத்தின் மேல். "மாமாவுக்கு வயசாய்டுச்சி ஃபாதர், ஒரு சேஞ்சு குடுங்க" என்று பங்குத்தந்தையிடம் சொல்லியிருப்பதாக எனக்குத் தகவல். குறை சொல்லக் கூடாது, நல்ல கட்டைக்குரல். அதுதான் குறை.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். பரணிலிருந்து பழைய முகக்கவசப் பெட்டிகளை இறக்கினேன். முதலில் வீடு, பிறகு கோயில், பிறகு நாடு.

"சிலுவை, இன்றிலிருந்து இந்த வீட்டில் முகக்கவசம் இல்லாமல் யாரும் யாரோடும் பேசக் கூடாது."

"நீ பேசாத இருந்தியினா மாஸ்க்கே வாணாம்யா."

"விளையாட்டில்லை. என் தொண்டைக்கு ஏதாவது ஆனால் பெரிய வெள்ளிக்கு யார் வாசிப்பது?"

அவள் உலையில் அரிசி போடுவதை நிறுத்தினாள். அந்த ஒரு நொடியை நான் கவனித்திருக்க வேண்டும்.

"ஆமா, யாரு வாசிப்பா?" என்றாள். பிறகு ஒரு முகக்கவசத்தை எடுத்து மாட்டினாள். மூக்குக் கம்பியை அழுத்தினாள். தாடையை இழுத்து மூடினாள். "இப்டியா?"

"அப்படியேதான்!" எனக்கு ஆச்சரியம். நாட்டில் ஒருவரைத் தேடினேன், என் அடுக்களையிலேயே கிடைத்தாள். அன்றிலிருந்து துறைமுகத்திலும் அவள் அதைக் கழற்றவில்லை. முகக்கவசம் மாட்டிக்கொண்டே ஏலம் விட்டாள். கேலி செய்தார்களாம். குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாளாம், கேலி கேட்காமல் போய்விட்டதாம்.

அடுத்து கோயில். எங்கள் பங்குத்தந்தை ஃப்ரெடி, இளைஞர், தூத்துக்குடிப் பக்கம். யார் என்ன சொன்னாலும் "சரிதான்ணே" என்கிற நல்லவர். வாசிப்புக் குழுவை அவர் கூட்டிய அன்று நான் எழுந்தேன். இருமல், சளி உள்ளவர்கள் பீடத்து மைக்கை நெருங்கக் கூடாது, ஒரே மைக்கைச் சுற்றி நின்று எல்லோரும் ஊதுகிறோம், முன் பெஞ்சில் முதியவர்கள் இருக்கிறார்கள் என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லும்போது நான் பார்த்தது மட்டும் பிராங்கிளினை.

"ஃபாதர், இது ஒட்ற சளி இல்ல. ஐஸ் கம்பெனி சளி. உள்ள போனா குளிரு, வெளிய வந்தா வெயிலு. அதான் நெஞ்சு கட்டிக்கீது" என்றான் அவன். அதைச் சொல்லும்போதே இருமினான். முகக்கவசம் தாடியில் தொங்கியது, தாடிக்குச் சளி பிடிக்காமல் இருக்க.

ஃபாதர் தலையசைத்தார். "சரிதான்ணே, குளிர்ல வேலை பாத்தா..."

"ஃபாதர்! குளிரால் சளி வராது. ஐஸால் வராது. தண்ணீரால் வராது. எந்தச் சளியும் இன்னொருவர் மூச்சிலிருந்துதான் வரும். ஆகவே எந்தச் சளியும் ஒட்டும். விதிவிலக்கே கிடையாது!"

"இன்னா மாமா, எனுக்கு வந்துதுன்னா உடனே சட்டமா?"

"சட்டம் எல்லோருக்கும் பொது பிராங்கிளின். நாளைக்கு எனக்கு வந்தாலும் நான் மைக்கைத் தொட மாட்டேன்."

இப்படியெல்லாம் பேசுகிறவர்களுக்கு வாயைக் கட்ட ஒருவர் வேண்டும். எனக்கு அந்த அறையில் ஒருத்தி இருந்தாள். ஆனால் அவள் முகக்கவசத்துக்குப் பின்னால் அமைதியாக இருந்தாள்.

ஃபாதர் சட்டத்தை ஏற்றார். கையோடு ஒரு கேள்வியும் கேட்டார். "அப்ப ஒவ்வொருத்தருக்கும் மாற்று ஆள் வேணுமே. உங்களுக்கு யாருண்ணே?"

பிராங்கிளின் நிமிர்ந்து உட்கார்ந்தான். இருமலை விழுங்கினான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, ஆனாலும் விழுங்கினான். பெரிய வெள்ளிக்குள் இவனுக்குக் குணமாகிவிடும். குணமானதும் மாற்று ஆள் என்ற பெயரில் பக்கத்திலேயே நிற்பான், நான் எப்போது கனைப்பேன் என்று காதைத் தீட்டிக்கொண்டு. அதற்கு இடம் கொடுக்கலாமா? ஆபத்தே இல்லாத ஒரு பெயர் வேண்டும். தன் வேலையை விட்டு என் வேலைக்கு வராத ஒருவர்.

"சிலுவையம்மாளைப் போடுங்கள் ஃபாதர்."

"நானா?" என்றாள் அவள், வெட்கத்தோடு. திருமணத்தன்றுகூட அந்த வெட்கத்தை நான் பார்த்ததில்லை.

பிராங்கிளின் இருமிக்கொண்டே வெளியே போனான். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒத்திகைகள் நடந்தன. கோயிலுக்குப் பக்கத்து மறைக்கல்வி அறை. ஏசி போட்டு, ஜன்னலைச் சாத்தி, எல்லோரும் சேர்ந்து ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சுவாசிக்கும் அறை. நான் போனதும் ஜன்னல்களைத் திறப்பேன். "கொசு வருது" என்று யாராவது சாத்துவார்கள். கொசு கடித்தால் தெரிகிறது, அதனால் கொசுவுக்குப் பயம். நான் மறுபடி திறப்பேன். எல்லோருக்கும் முகக்கவசம் கொடுப்பேன். மூக்கு தெரிந்தால் கண்டிப்பேன். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, என்னுடையதைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு வாசிக்கத் தொடங்குவேன்.

இதில் முரண் எதுவும் இல்லை. கதை சொல்பவனுக்கு உச்சரிப்பு முக்கியம். ழகரம் துணிக்குள் சிக்கினால் வெளியே வராது.

"நீ மட்டும் இன்னா எறக்கி விட்டுக்கினு படிக்கிற?" என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிலுவை கேட்டாள்.

"நான் அவர்களுக்குப் பரப்ப மாட்டேன். எனக்குத்தான் சளி இல்லையே."

"அவுங்க ஒனக்குப் பரப்புனா?"

"அவர்கள்தான் முகக்கவசம் போட்டிருக்கிறார்களே."

"அப்ப சரி" என்றாள். என் வாதத்தை அவள் ஏற்றுக்கொள்வது அபூர்வம். அதை ரசித்துக்கொண்டே நடந்தேன்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் அவள் என் பக்கத்தில் வந்து குந்தினாள். "யோவ், இந்த பிராங்கிளினு இருமிக்கினே மாஸ்க்கத் தாடில மாட்டிக்கினு சுத்தறான். நான் சொன்னா கேக்க மாட்டான். நீ படிச்சவன். நீயே போயி அவனுக்குப் பொறுமையா, வெலாவாரியா சொல்லிக் குடேன்."

நீ படிச்சவன்! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வாக்கியத்தை அவள் கேலி இல்லாமல் சொன்னது அதுவே முதல் முறை. நான் உடனே கிளம்பினேன். தலைக்குக் குளித்துவிட்டு வந்த நேரம். கீழே போகிற வழியில் அவள் குரல் துரத்தியது.

"தலையத் தொவட்டிக்கினு போய்யா! ஈரம் சொட்டுது!"

"ஈரத் தலைக்கும் சளிக்கும் சம்பந்தமில்லை!" என்று படிக்கட்டிலிருந்தே கத்தினேன். பக்கத்து வீட்டு ஹஃப்சாவுக்கும் அது கேட்டது என்று பிறகு தெரிந்தது. பிறகு சிலுவை அவரைத்தான் எனக்கு எதிராகச் சாட்சிக்கு இழுத்தாள்.

பிராங்கிளின் கட்டிலில் சாய்ந்து, ஏசியைப் போட்டுக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா, எதிரி பாளயத்துக்கே வந்துட்ட?"

"கோபம் வேண்டாம் பிராங்கிளின். முகக்கவசம் போடும் முறையை உனக்குக் காட்ட வந்தேன்."

"காட்டு."

காட்டினேன். போட்டுக்கொண்டு காட்ட வேண்டுமானால் முதலில் கழற்ற வேண்டும். கழற்றினேன். காதுப் பட்டையைப் பிடித்து எடுப்பது எப்படி, முன்பக்கத்தைத் தொடாமல் இருப்பது எப்படி, மூக்குக் கம்பியை எங்கே அழுத்துவது என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். விளக்கம் துணிக்குள்ளிருந்து தெளிவாக வராது என்பதால் கையில் பிடித்துக்கொண்டே விளக்கினேன். நுண்துளிகள் காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் இருமினான். அடிவயிற்றிலிருந்து, பிலாத்துவுக்குரிய கம்பீரத்தோடு. என் முகத்தில் லேசாகக் காற்று பட்டது.

"சாரி மாமா. நீ சொல்லு, எவ்ளோ நேரம் மிதக்கும்?"

நான் திரும்பி வந்தபோது சிலுவை வாசலில் முகக்கவசத்தோடு நின்றிருந்தாள். "சொல்லிக் குடுத்தியா?"

"புரிந்துகொண்டான்."

"நல்லா புரியிற மாரி சொல்லியிருப்ப" என்றாள். இதில் சதி இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள்.

பெரிய வெள்ளிக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று பிராங்கிளினுக்கு இருமல் சுத்தமாக நின்றுவிட்டது. ஓலையை ஆட்டிக்கொண்டு ஓசன்னா பாடினான். அடுத்த நாள் எனக்கு மூக்கு அரித்தது. அதற்கு அடுத்த நாள் தொண்டை. புதன்கிழமை நான் பேசியபோது பழைய மீன்பிடிப் படகின் இன்ஜின் ஒன்று பேசியது.

"பாத்தியா? அன்னிக்கே சொன்னேன், தொவட்டுன்னு" என்றாள் சிலுவை, மிளகு ரசத்தை வைத்துக்கொண்டு.

"இது உன் தம்பியின் மூச்சு."

"ஈரத்தல."

"மூச்சு!"

"மெதுவாப் பேசு. தொண்ட போய்டும். யார் கிட்டயும் சொல்ல மாட்டேன், நீ ரசத்தக் குடி."

யாரிடமும் சொல்ல மாட்டாளாம். என் மனம் இளகியது. ஆவி பிடித்தேன். மஞ்சள் பால் குடித்தேன். அதிமதுரம் மென்றேன். மஞ்சளுக்கும் அதிமதுரத்துக்கும் வைரஸ் பயப்படாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்தவனுக்கும் ஒரு பெரிய வெள்ளி இருக்கிறதே. இரண்டு நாள் கழித்து மூன்று மணிக்கு ராயபுரம் ஒலிபெருக்கியை நோக்கிக் காதைத் திருப்பும். அந்த நேரம் எனக்கு வேண்டும். வருஷம் முழுக்க என்னை 'இன்னாப்பா', 'யோவ்', 'தோ பாரு' என்று கூப்பிடுகிற ஊர் அந்த ஒரு மணி நேரம் வாய் மூடிக் கேட்கும். அதற்காக மீதி நாட்களைப் பொறுத்துக்கொள்கிறேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு, மைக்கை மட்டும் தனியாக வாங்கிக்கொண்டு வாசித்தால் யாருக்கும் ஒட்டாது என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயத்தைப் பிராங்கிளினுக்கு நான் வழங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. வந்த வழியே அனுப்பிவிட்டேன்.

பெரிய வியாழன் மாலை கடைசி ஒத்திகை. மூக்கை நன்றாக மூடிக்கொண்டு போனேன். வாசிக்கும்போதும் இறக்கவில்லை. ஃபாதர் ஆச்சரியத்தோடு பார்த்தார். இயேசுவைப் பிடித்துக் கட்டுகிற இடம் வரை தாக்குப்பிடித்தேன். அங்கே தும்மினேன். ஒன்றல்ல, தொடர்ச்சியாக. கூட்டத்தின் குரலுக்காக நின்றிருந்தவர்கள் இன்னும் தங்கள் முறை வரவில்லையே என்று குழம்பினார்கள்.

பிராங்கிளின் மெல்லத் திரும்பினான். என் சட்டத்தை எனக்கே வாசிக்க அவன் வாயைத் திறந்தான். அதற்குள் சிலுவை முந்திக்கொண்டாள்.

"ஃபாதர், அது ஒண்ணுமில்ல. இவரு தலைக்குக் குளிச்சிட்டு தொவட்டாம மாடிப்படில நின்னாரு. நான்கூட சொன்னேன், ஹஃப்சாவக் கேளுங்க. ஈரத்தல. ஒட்ற சளி இல்ல."

என்னைக் காப்பாற்றுகிறாள்! நன்றியில் எனக்குத் தொண்டை அடைத்தது. ஏற்கெனவே அடைத்திருந்த தொண்டை.

ஃபாதரின் முகம் மலர்ந்தது. "சரிதான்க்கா! எங்க ஊர்லயும் அப்படித்தான் சொல்லுவாக. ஈரத்தலையோட நின்னா சளி இறங்கும். அப்ப பரவாயில்ல, ஒட்டாதுல்ல? பாஸ்கல் அண்ணனே வாசிக்கட்டும்."

நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சும்மா இருப்பது. சும்மா இருந்தால் பெரிய வெள்ளி எனக்கு. ராயபுரம் எனக்கு. நான் சும்மா இருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொய் என் காதெதிரே நடந்துபோக விட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

"ஆமாங்க ஃபாதர்" என்று சிலுவை தொடர்ந்தாள். "தண்ணி மண்டைக்குள்ள எறங்கிச்சினா அதுவே சளியா ஒறஞ்சிடும்."

நான் சும்மா இருந்தேன்.

"பொறவு மூக்கு வழியா எறங்கும்."

சும்மா.

"வைரஸு கிய்ரஸுலாம் பேப்பர்காரன் கட்டி வுட்டது. இவருகூட அதெல்லாம் நம்பறதில்ல ஃபாதர், சும்மா படிச்ச பந்தாவுக்குப் பேசுவாரு. இல்லீங்க?"

இல்லீங்க, என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். வீட்டில் 'யோவ்' என்கிறவள் கோயிலில் 'இல்லீங்க' என்கிறாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையை ஒரு முறை ஆட்டினால் போதும்.

"தவறு!" என்றேன்.

படகு இன்ஜின் குரலில்தான் சொன்னேன், ஆனாலும் அறை அதிர்ந்தது. "மண்டைக்குள் தண்ணீர் இறங்குவதற்குத் துளையே கிடையாது! மண்டை ஓடு என்று ஒன்று இருக்கிறது! தண்ணீர் சளியாக உறையாது! ஃபாதர், நீங்கள் படித்தவர், நீங்களே இதை நம்பலாமா? இந்தச் சளி எனக்கு ஒரு மனிதனிடமிருந்து வந்தது. எந்த மனிதன் என்றும் சொல்வேன். இதோ, இந்தப் பிராங்கிளின்! முகத்துக்கு நேரே இருமினான். காற்றில் வந்தது. மூச்சில் ஏறியது. இரண்டு மூன்று நாளில் தலைகாட்டியது. அறிவியல் சொல்கிறபடி, எழுத்துப் பிசகாமல்! ஈரத் தலைக்கும் இதற்கும் எள்ளளவும் சம்பந்தம் இல்லை!"

ஃபாதர் திகைத்துப்போனார். "அப்ப... இது ஒட்டுமாண்ணே?"

"ஒட்டும்! கண்டிப்பாக ஒட்டும்!" என்றேன், வெற்றிக் களிப்போடு.

சிலுவை தன் முகக்கவசத்தின் மூக்குக் கம்பியை ஒருமுறை அழுத்திக்கொண்டாள்.

"சரிதான்ணே" என்றார் ஃபாதர். அப்புறம் புத்தகத்தை என் முன்னாலிருந்து எடுத்து, மெல்ல, மிக மரியாதையோடு, மாற்று ஆளின் முன்னால் வைத்தார். "அக்கா, நீங்க ஒருவாட்டி வாசிங்க, பாப்போம்."

அவள் வாசித்தாள். முகக்கவசத்தோடு. கடைசி வரிசையில் காது மந்தமான ஒரு பெரியவர் இருக்கிறார், என் வாசிப்புக்கு எப்போதும் தூங்குவார். அவர் எழுந்து உட்கார்ந்தார். எனக்குள் ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. ழகரத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது. ஒழுங்காக வந்தது. எல்லா இடத்திலும் வந்தது. துணி வழியாகவும் வந்தது.

"மாமா" என்றான் பிராங்கிளின், பிலாத்துவின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "கைய கழுவிக்கட்டுமா, இல்ல சானிடைசர் போதுமா?"

நான் அறையை விட்டு வெளியே வந்து, திறந்த வெளியில், யாருக்கும் பரப்பாமல் தும்மினேன்.

பெரிய வெள்ளி மூன்று மணிக்கு நான் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றேன், முகக்கவசத்தோடு, தனியாக. ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. முதலில் ஏலம் விடும் குரல்தான் என்று நினைத்தேன். இல்லை. அதே குரல், கீழே இறக்கி வைத்த குரல். தெருவில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று கேட்டார். பக்கத்து வீட்டு ஜன்னலில் ஹஃப்சா கைவேலையை விட்டுவிட்டுக் கேட்டார். வேலைக்காரப் பெண்ணின் வரியை வேறு யாரோ சின்னக் குரலில் கேட்டார்கள். பேதுரு கொஞ்சம்கூடப் பயப்படாமல் மறுத்தார்.

கோயிலில் ஒருவர்கூட இருமவில்லை என்று பிறகு சொன்னார்கள். எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்களாம், மூக்குக்கு மேலே. சிலுவையக்கா வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பார்த்து உள்ளே விட்டார்களாம். நான் வாரக்கணக்கில் அறிவியல் சொல்லியும் நடக்காதது எப்படி நடந்தது என்று விசாரித்தேன்.

"ஒண்ணும் சொல்லல. மூக்க மூடுன்னேன்" என்றாள்.

சனிக்கிழமை இரவு நடக்கும் ஈஸ்டர் வழிபாடான பாஸ்கா திருவிழிப்புக்கும் அக்காவே வாசிக்கட்டும் என்று ஃபாதர் சொல்லியனுப்பினார். அன்று மாலை நான் தலைக்குக் குளித்தேன். வெளியே வருவதற்கு முன் நன்றாகத் துவட்டிக்கொண்டேன்.